தடைக்காலத்தில் தேறிய உடம்பு

எங்கள் குடல்நோய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவர்களில் ஒருவர் போன வாரம் எனக்குத் தொலைபேசினார். மீன்பிடிப் படகில் போகிற நோயாளிகள் மே மாதக் கடைசியில் வந்தால் லூர்து சிஸ்டர் அவர்களுக்கு ஸ்கோப்புக்கு மட்டும் தேதி கொடுக்கிறாராம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் தேதியை ஜூலைக்குத் தள்ளிவிடுகிறாராம். காரணம் கேட்டால், "பழைய மேடத்தைக் கேளுங்க" என்கிறாராம். பழைய மேடம் நான்தான். ஓய்வுக்குப் பின் ஒரு மருத்துவருக்குக் கிடைக்கிற பட்டங்களில் இது பரவாயில்லை ரகம்.

அதே தொலைபேசியில் அவர் இன்னொன்றும் கேட்டார். குடல் அழற்சி நோய்களுக்கு ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடிகள் இத்தனை வந்துவிட்டனவே, எதை எழுதலாம், எதை நம்பலாம் என்று. இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருக்கும் பதில் ஒரே ஆள். காசிமேட்டில் லாஞ்சு, அதாவது மீன்பிடி விசைப்படகு, ஓட்டிய டிரைவர் தேசப்பன்.

கொலனோஸ்கோப்பை எப்படித் திருப்புவது, எந்த இடத்தில் பரிசோதனைக்கு எத்தனை சதைத் துணுக்கு எடுப்பது என்றெல்லாம் இதில் எழுதப்போவதில்லை. அதற்கு உங்களிடம் வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் சில ஆண்டுகள். ராயபுரத்தில் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை, அதில் இரண்டு அறைதான் எங்கள் துறை. அன்றைக்கு எங்களைப் பாடாய்ப் படுத்திய பிரச்சினை இன்றும் உங்களைப் படுத்துகிறது என்று அறிகிறேன். குடல் காசநோயும் குரோன் நோயும் சிறுகுடல் பெருங்குடலோடு சேர்கிற அதே மூலையில்தான் வந்து உட்காரும். அதே வலி, அதே இளைப்பு, உள்ளே பார்த்தால் ஏறக்குறைய அதே புண். மருந்துதான் நேர்மாறு. குரோனுக்குத் தருகிற ஸ்டீராய்டு, காசநோய்க்காரருக்குப் போனால் கிருமியை உடம்பெங்கும் பரப்பிவிடும். காசநோய் மாத்திரை குரோன்காரருக்குப் போனால் கல்லீரலைத் தொந்தரவு செய்துவிட்டு, குடலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த மாதங்களில் குடல் தன் போக்கில் சுருங்கிக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில்தான் ரத்தப் பரிசோதனை வந்து சேர்ந்தது. ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட்டுக்கு எதிராக உடம்பு தயாரிக்கிற ஓர் ஆன்டிபாடி. மேல்நாட்டில் குரோன் நோயாளிகள் பலருக்கு அது இருந்தது, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. ஒரு துளி ரத்தத்தில் சிக்கல் தீர்ந்தது என்று மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் எங்களைவிட மகிழ்ந்தார்கள்.

எங்கள் ஆய்வகத்திலும் பணத்துக்கு வழி செய்து அந்தப் பரிசோதனைக் கிட் ஒன்று வாங்கினார்கள். அதிலிருந்த தட்டில் ரத்தம் விடும் குழிகள் ஏராளம், நோயாளிகள் கொஞ்சம். மீதியை வீணாக்க மனமில்லாத நுண்ணுயிரியல் டாக்டர், மருத்துவமனை ஆட்களிடமே ரத்தம் கேட்டு ஒரு நடை வந்தார். கேன்டீன் மாஸ்டர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டே, "என் ரத்தத்துல இன்னா சார் கெடைக்கப் போவுது, டீ தான் கீது" என்றார்.

முடிவு வந்தது. கேன்டீன் மாஸ்டருக்கு பாசிட்டிவ். காசநோய் உறுதியாகி மருந்தில் தேறிக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு பாசிட்டிவ். எனக்கும் பாசிட்டிவ். எனக்குக் குடலில் ஒன்றுமில்லை, எரிச்சல் உண்டு, ஆனால் அது சக மருத்துவர்களால் வருவது. எங்கள் துறைத் தலைவருக்கு மட்டும் சுத்தமாக நெகட்டிவ். அதில் அவருக்கு லேசான பெருமை இருந்ததைக் கவனித்தேன்.

தலைவர் அன்றே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தக் காகிதத்தை நம்பி யாருக்கும் ஸ்டீராய்டு கொடுக்காதீங்க. சந்தேகமா இருந்தா டிபி மாத்திரையை ஆரம்பிங்க. ரெண்டு மாசம் பாருங்க. தேறினா டிபி, தேறலைன்னா குரோன். பேஷன்ட்டோட உடம்புதான் டெஸ்ட்."

இந்த நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். வேறு வழி இருக்கவில்லை. நாங்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டோம்.

தேசப்பன் வந்தது அப்படி ஒரு பங்குனிக் கடைசியில். நாற்பதை நெருங்குகிற ஆள். வயிற்றின் வலப்பக்கக் கீழ்மூலையில் வலி, சாப்பிட்டால் உப்பசம், சில நாள் வாந்தி, பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டைகள். கூட வந்தது மனைவி அமுலு, துறைமுக வாசலில் மீன் விற்பவர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"அது கீது மூணு நாலு வருசமா," என்றார் தேசப்பன்.

"அப்போதே ஏன் வரவில்லை?"

"தடை வரட்டும், காட்டிக்கலாம்னு பாத்தேன் டாக்டரம்மா. அப்பால அது போயிடும், சரின்னு வுட்ருவேன்."

தடை என்றால் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஏப்ரல் நடுவிலிருந்து மே முடியும் வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அது அமலுக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ஆனால் அதற்குள் காசிமேடு தன் வாழ்க்கையை அதற்கேற்ப அடுக்கி வைத்துக்கொண்டது. இன்ஜினைப் பிரிப்பது, வலை பின்னுவது, கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாம் தடைக்காலத்தில். பல்வலிகூட ஏப்ரல் வரை காத்திருக்கும். எங்கள் வெளிநோயாளிப் பிரிவு அந்த மாதங்களில் துறைமுகத்தின் ஒரு கிளை போலிருக்கும்.

ஸ்கோப் போட்டோம். அந்த மூலையில் நீளமான புண்கள், சிறுகுடலின் வாய் சற்றே சுருங்கியிருந்தது, ஆனாலும் குழாய் உள்ளே போனது. துணுக்கில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. தெரியாததால் இல்லை என்று சொல்லவும் முடியாது. ரத்தத்தில் ஈஸ்ட் ஆன்டிபாடி பாசிட்டிவ், நல்ல உயரத்தில். "கேன்டீன் மாஸ்டருக்கும்தான்" என்றார் தலைவர். தடைக்காலம் தொடங்கிய வாரம் தேசப்பனுக்குக் காசநோய் மாத்திரைகளும் தொடங்கின.

மே கடைசியில் வந்தார். ஆளே வேறு. கன்னம் உப்பியிருந்தது. எடை ஐந்து கிலோ கூடியிருந்தது. வலி இல்லை, வாந்தி இல்லை, ரத்தத்தில் அழற்சியின் அளவு இறங்கியிருந்தது. அந்த வழியாகப் போன தலைவர் அவரைப் பார்த்துத் தோளில் தட்டிவிட்டு, "பிரமாதம். முழு கோர்ஸையும் முடிச்சுடு" என்று சொல்லிப் போனார். தடை முடிய இரண்டு நாள்தான் இருந்தது. தேசப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப நான் கெளம்பட்டா டாக்டரம்மா? லாஞ்சுல மாத்திரைய கையோட எட்த்துகினு போயிட்றேன்."

நானும் சீட்டில் எழுதத் தொடங்கியிருந்தேன். அப்போது அமுலு பையை எடுத்துக்கொண்டே புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "மூஞ்சியப் பாரு, புது மாப்ள கணக்கா. வருசா வருசம் இதே கூத்து தான். வூட்ல குந்திக்கினு துன்னா எவன் தான் தேற மாட்டான்."

பேனா நின்றது.

"வருஷா வருஷமா?"

"பின்ன? போன வருசமும் இப்டி தான் ஆச்சு, அதுக்கு மொதொ வருசமும். தடை வந்தா உப்பிக்கும், லாஞ்சு ஏறினா வயித்த புட்சிக்கினு வந்து படுத்துக்கும்."

"அப்போதெல்லாம் என்ன மாத்திரை சாப்பிட்டார்?"

"மாத்தரையா? நான் ஆக்கிப் போட்ட சோறு."

தேசப்பனை மறுபடி உட்காரச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. லாஞ்சில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். மீன் குழம்பும் சோறும், வேளை கிடையாது என்றார். வேறு என்ன என்றேன். டீ என்றார். அமுலு குறுக்கே வந்தார்.

"முதுகு வலி மாத்திரைய சொல்லுய்யா. ஜோபில அட்டை அட்டையா வச்சிக்கினு கீறியே."

"அது எல்லாரும் போட்றது தான் டாக்டரம்மா. ராத்திரி பகலா ஸ்டீரிங் புட்சிக்கினு நின்னா முதுகு நிக்காது. கரையில எதுக்கு அது, கரையில வலியே கெடையாது."

பீடிக்கடையில் விற்கிற வலி மாத்திரை. குடலில் புண் இருப்பவருக்கு அது புண்ணைக் கிளறிவிடும். அழற்சி நோய் உள்ளவருக்கு நோயையே தூண்டிவிடும். கரையில் அந்த மாத்திரை இல்லை, வேளைக்குச் சோறு உண்டு, தூக்கம் உண்டு. ஆக இந்த ஒன்றரை மாதத்தில் தேசப்பனுக்கு நடந்த வைத்தியங்கள் பல. எங்கள் மாத்திரை அதில் ஒன்று. தேறியது எதனால் என்று எந்த யோக்கியதையில் நான் சொல்வது?

அதுவரை எனக்குத் தோன்றாத இன்னொன்றும் அப்போது தோன்றியது. தடைக்காலத்தில் வருகிற எல்லாப் படகுக்காரர்களுக்கும்தானே இது நடக்கும்? மே மாதத்தில் எங்கள் துறையின் வெற்றிகள் எப்போதும் பிரமாதமாக இருந்ததன் காரணம் புரிந்த மாதிரி இருந்தது. வேற்று நாட்டார் ரத்தத்தில் எல்லை அளவு குறித்த பரிசோதனை என்று ரத்தப் பரிசோதனையைக் கேலி செய்தோம். நாங்களே வைத்துக்கொண்ட பரிசோதனையைக் காசிமேட்டின் காலண்டரில் வைத்துப் பார்க்கவில்லை.

தலைவர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எடை கூடியிருக்கு, வலி இல்லை, ஈஎஸ்ஆர் இறங்கியிருக்கு. இன்னும் என்னம்மா வேணும் உனக்கு?"

"குடலைப் பார்க்கணும் சார்."

"முழு கோர்ஸும் முடியட்டும், பார்."

"நாளை மறுநாள் கடலுக்குப் போறார் சார். போனா பத்துப் பன்னிரண்டு நாள். வாய் சுருங்கின குடல். நடுக்கடல்ல அடைச்சா அங்கே யாரும் இல்லை."

"அவன் பெண்டாட்டி கிண்டல் பண்ணினதை வெச்சு ஸ்கோப் போடப் போறியா?"

"ரொட்டி ஈஸ்ட் சொன்னதை வெச்சுப் போடறதுக்கு இது மேல் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம் அவருடையது. "போடு. ஆனா ஆறியிருந்தா அந்த ஆளோட முதல் ட்ரிப்பைக் கெடுத்த பொறுப்பு உன்னுது" என்றார். நியாயமான பேச்சு. தடைக்குப் பிறகு வருகிற முதல் மீன்பாட்டுக்கு என்ன மதிப்பு என்று ராயபுரத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஒன்றரை மாதம் மீன் வளர்ந்திருக்கும், சந்தை காத்திருக்கும். நல்ல டிரைவர் இல்லாத லாஞ்சு அன்றைக்குப் பின்னால்தான் நிற்கும்.

வெளியே வந்தால் லாஞ்சு ஓனரே பைக்கில் வந்து இறங்கியிருந்தார்.

"இன்னா டாக்டரம்மா, ஆளு தான் தேறிட்டானே. ஐஸ் ஏத்தினுகீறோம், டீசல் போட்டாச்சு. இப்ப போயி டெஸ்ட்டுன்னா பேஜாரா பூடும்."

"ஆந்திரா பக்கம் போனபிறகு இவருக்குக் குடல் அடைத்தால் எவ்வளவு நேரத்தில் இங்கே கொண்டுவந்து சேர்ப்பீர்கள்?"

அவர் யோசித்தார். "ஒரு நாளு. காத்து எதிர்த்தா அதுக்கு மேல."

"அவ்வளவு நேரம் தாங்காமல் போகலாம்."

ஓனர் தேசப்பனைப் பார்த்தார். பிறகு என்னிடம், "எப்ப டெஸ்ட்டு?" என்றார். மறுநாள் காலை என்றேன். "நல்லா கீதுன்னா மத்தியானமே அனுப்பி வுட்ரணும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொள்ளாதவர் தேசப்பன் மட்டுமே. "அந்த உப்புத்தண்ணிய மறுபடி குடிக்க சொல்றீங்களே. போன தபா வூட்டுக்கும் கக்கூஸுக்கும் நடந்தே பாதி ஆளாயிட்டேன்."

"கடல் தண்ணியவே குட்ச்சவன் தான நீ," என்றார் அமுலு. "மூடிக்கினு குடி."

மறுநாள் காலை ஸ்கோப் அறையில் மயக்கம் வேண்டாம் என்றார் தேசப்பன், மத்தியானம் கிளம்ப வேண்டியவர். லேசான மருந்து மட்டும் கொடுத்தோம். ஒருக்களித்துப் படுத்து அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட தூரம் எல்லாம் இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. ஆறிவிட்டதோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. தலைவரின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு அந்த மூலை வந்தது. புண்கள் அங்கேயே இருந்தன, முன்பைவிட ஆழமாக. இரண்டு மாதத்துக்கு முன் குழாய் நுழைந்த வாயில் இப்போது நுழையவில்லை. இருமுறை முயன்று நிறுத்திவிட்டேன்.

"இது என் கொடலா டாக்டரம்மா?"

"ஆமாம்."

"அப்ப எனக்கு நல்லாகல."

"நன்றாக இருப்பது போல இருக்கிறது. ஆகவில்லை."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "லாஞ்சுக்கு வேற ஆள் புட்ச்சிக்க சொல்லு," என்றார். அதைச் சொன்னது லூர்து சிஸ்டரிடம். என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

தலைவர் வந்து பதிவைப் பார்த்தார். "அப்ப அந்த அஞ்சு கிலோ?" என்றார். "அமுலுவோட சோறு சார்" என்றேன். காசநோய் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்.

அந்தக் காலத்துக் கதைகளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் முடித்துக்கொள்வார்கள். இங்கேதான் உங்களுக்குத் தேவையான பகுதி ஆரம்பிக்கிறது. புண் ஆறவில்லை என்பதால் அது குரோன் ஆகிவிடாது. மருந்துக்கு அடங்காத காசநோயாகவும் இருக்கலாம். இப்போது ஸ்டீராய்டு எழுதினால் ஒரு கதவு திறக்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. மறுபடி துணுக்கு எடுத்து, காசநோய்க் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வளர்ப்புக்கு அனுப்பினோம். பதில் வர வாரக்கணக்கு ஆகும், குடல் அதுவரை காத்திருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. நெஞ்சுப் படம், வயிற்று ஸ்கேன் எல்லாம் மறுபடி பார்த்தோம். ஒருபுறம் வருடக்கணக்கில் வந்து வந்து போகிற நோய், காய்ச்சல் இல்லாத ஆள், நீளவாக்கில் புண், முறையாகச் சாப்பிட்ட மாத்திரைக்கு அசையாத குடல். மறுபுறம் பயம். எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, வார்டிலேயே வைத்து, ஸ்டீராய்டு தொடங்கினேன். தினமும் நான் முதலில் பார்த்தது வெப்பநிலை அட்டையைத்தான். ஒரு நாள் மாலை காய்ச்சல் அரை டிகிரி ஏறியது. இறங்கும் வரை நான் வீட்டுக்குப் போகவில்லை. ஏறியதற்குக் காரணம் கையில் ஊசி குத்திய இடம் வீங்கியது. சிஸ்டர் கண்டுபிடித்துச் சொன்னார்.

பத்து நாளில் உப்பசம் அடங்கியது. அவர் என்னிடம் பேசவும் தொடங்கினார். லாஞ்சு போன அன்று துறைமுகத்துக்குப் போய் நின்றாராம். எங்கள் வார்டில் இருந்தவர் எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை, லூர்து சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லா லாஞ்சும் பூட்ச்சி. எங்க லாஞ்சு கடைசி," என்றார் தேசப்பன். வளர்ப்புப் பரிசோதனை பிறகு வந்தது, கிருமி இல்லை. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே நீண்ட நாள் மாத்திரைக்கு மாற்றினோம். இரண்டு மூன்று மாதம் கரையில் வலை பின்னினார். பிறகு அதே லாஞ்சில் ஏறினார்.

ஏறுமுன் அவரிடம் ஒன்று சொன்னேன். "வீட்டில் இருக்கும்போது வராதீர்கள். இரண்டு ட்ரிப் போய்விட்டு, இறங்கிய கையோடு நேராக இங்கே வாருங்கள். குளித்துவிட்டுக்கூட வரவேண்டாம்."

"குளிக்காமயா?" என்று அமுலுதான் முகம் சுளித்தார்.

மழை தொடங்குமுன் ஒரு காலை வந்தார். லுங்கி, டீசல் வாடை, கண்ணில் தூக்கம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் வந்திருந்தார். சிஸ்டர் எடை பார்த்தார். மே மாதத்து உப்பிய கன்னம் இல்லை. ஸ்டீராய்டு தந்த சதையும் போயிருந்தது. அப்போதைவிட மூன்று கிலோ குறைவு.

"கொறஞ்சிட்ச்சா?" தேசப்பன் முகம் வாடியது. "அப்ப மருந்து கேக்கலியா டாக்டரம்மா?"

"முதுகு வலி மாத்திரை?"

அவர் வாய் திறக்குமுன் அமுலு சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தார். பீடி மட்டும் இருந்தது. அதை அவர் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பீடியும் இந்த நோய்க்கு ஆகாது, நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

இரண்டு நாள் கழித்து ஸ்கோப் போட்டேன். அந்த மூலையில் புண் இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு. வாயில் குழாய் தடையில்லாமல் நுழைந்து சிறுகுடலுக்குள் போய் நின்றது. இளைத்த உடம்பு, ராத்திரி பகல் வேலை, வேளை கெட்ட சோறு, இத்தனையிலும் ஆறியிருந்தது. மருந்து கேட்கிறது என்று முதல் தடவையாக என்னால் எழுத முடிந்தது.

ரத்தப் பரிசோதனை பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தேசப்பன் விஷயத்தில் அந்த ஆன்டிபாடி சரியாகவே சொன்னது. எனக்கும் அதையே சொன்ன பரிசோதனை அது என்பதையும் மறக்காதீர்கள். இன்றைக்கு உங்களிடம் இன்னும் நல்லவை இருக்கலாம், ஊசி மருந்து வேலை செய்யாமல் போவதற்கான ஆன்டிபாடியைக்கூட அளக்கிறீர்கள். அளந்து பாருங்கள். அந்த எண் யாருடைய ரத்தத்தில் வைத்துக் குறித்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்த மாதத்தில் வந்திருக்கிறார் என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

அடுத்த மே மாதம் எர்ணாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அதே மூலையில் புண், அதே மாத்திரை, அதே உப்பிய கன்னம். மருந்து கேட்கிறது என்று எழுத எங்கள் உதவி மருத்துவர் மகிழ்ச்சியோடு பேனாவைத் திறந்தார். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த லூர்து சிஸ்டர் அந்த ஆளிடம் கேட்டார்.

"லாஞ்சு ஆளா?"

"ஆமா சிஸ்டர். ஒடம்பு இப்ப சூப்பரா கீது."

"அப்டி தான் இருக்கும். நாளைக்கு ஸ்கோப்புக்கு வாங்க. அது சரியா இருந்தா கடலுக்குப் போங்க, ரெண்டு ட்ரிப் போயிட்டு ஜூலைல வந்து காட்டுங்க. நல்லாருக்கீங்களா இல்லையான்னு அப்ப சொல்றோம்."

உதவி மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடச் சொன்னேன்.